இரண்டாம் படியில் வைத்த வீடு

— இல்லக்கா, அந்த இடத்தில அவசரப்படக் கூடா. "பானைய எட்டி உதைப்பார்" எண்டு சொல்லித்து ஒரு மூச்சு விடுங்க. மொழிபெயர்க்கிற புள்ளைக்கு நேரம் வேணும். மதிப்பீட்டுக்கு வந்த அந்த வெள்ளைக்காரம்மாவும் உங்கட முகத்தப் பாக்க வேணும். எங்க, ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்க.

— முதல்ல இருந்தா தம்பி?

— ஓம். "என்ட பேரு அன்னப்பூரணி"யில இருந்து.

— என்ட பேரு அன்னப்பூரணி. வாவியில நண்டும் இறாலும் புடிச்சி வாழுற குடும்பம். திட்டம் வாறதுக்கு முதல் நாங்க சரியான கஷ்டம். என்ட புருசன் புடிக்கிற மீனையெல்லாம் வித்துச் சாராயம் குடிச்சித்து வந்து எனக்கு அடிப்பார். சோத்துப் பானைய எட்டி உதைப்பார். இஞ்ச மூச்சு விடோணும்.

— அதச் சொல்லாதீங்க அக்கா! விடுங்க, அவ்வளவுதான்.

— சரி, விட்டுத்தன். என்ட மகள் தக்ஷாயினி பசியோட பள்ளிக்குப் போவா. மறுகா திட்டம் வந்திச்சி. நண்டு வளக்கிற கூடு தந்தாங்க. ஐஸ் அறை கட்டித் தந்தாங்க. இப்ப புள்ள வந்தாறுமூலைக் கம்பஸில படிக்கிறா. வீட்டில எல்லா முடிவும் எடுக்கிறது நான்தான். அது மெய்தானே தம்பி, அவர் இல்ல, வேற ஆரு எடுக்கிற?

— அந்தக் கடைசித் துண்டு வேணாம். "எல்லா முடிவும் எடுக்கிறது நான்தான்" எண்டதோட நிப்பாட்டுங்க. பெண் தலைமைக் குடும்பம் முன்னேறினதுக்கு அவங்க தனியாப் புள்ளி வச்சிரிக்காங்க. பூபாலண்ணன் போன புறகு நீங்க அதுக்குள்ள வந்திற்றீங்க.

— அவர் செத்ததால புள்ளி கூடிச்சா?

— அப்பிடி ஏன் எடுக்கிறீங்க? நடந்தது நடந்து போச்சி. அது நமக்கு ஒரு பக்கத்தால உதவுது, அதத்தான் சொன்னன்.

— விளங்குது.

— சாறி நல்லா இரிக்கு. ஆனா அந்தச் சங்கிலியக் கழட்டி வைங்கக்கா. இல்ல, வேணாம், போடுங்க. இது திட்டத்துக்குப் "பின்"தானே. பின்னுக்குச் சங்கிலி இரிக்கலாம்.

— முன்னுக்கும் இது என்ட கழுத்தில கிடந்ததுதான் தம்பி. கலியாணத்துக்குப் போட்டது.

— அத அவங்களுக்குச் சொல்லப் போறீங்களா?

— சும்மா சொன்னன். அவங்க எத்தினை மணிக்கு?

— களுவாஞ்சிக்குடியில ஒரு கூட்டம் முடிச்சித்துத்தான் வருவாங்க. இன்னும் நேரம் இரிக்கு. கதிரையெல்லாம் போட்டாச்சி, பள்ளிக்கூடத்து பாண்ட் புள்ளைகளும் வந்திற்றாங்க. நாம இஞ்ச ஐஸ் அறைக்குள்ள நிண்டு பழகிறது நல்லம், வெளிய சனம் பாக்கும். குளிருதா?

— எனக்குப் பழக்கம். தம்பி, ஒண்டு கேக்கட்டா?

— கேளுங்க.

— இந்தப் பானை எங்க இருந்து வந்த?

— எந்தப் பானை?

— அவர் எட்டி உதைச்ச பானை. எங்கட வீட்டில ஒரு சோத்துப் பானைதான் கிடக்கு. அலுமினியம். ஒரு நெளிவு இல்ல. நானும் ஒவ்வொரு தரமும் சொல்லக்குள்ள யோசிக்கிற, இது ஆருட வீட்டுப் பானையா இரிக்கும் எண்டு.

— அக்கா, அது ஒரு உதாரணம். கேக்கிற ஆக்களுக்குக் கண்ணுக்கு முன்னால ஒண்டு தெரிய வேணும். விடுங்க அத.

— சரி. ஏணிப் படம் கொண்டு வந்தீங்களே, அது நினைவிரிக்கா?

— எத்தினை வீட்டுக்கு ஏணிப் படம் கொண்டு போயிரிப்பன்.

— எங்கட வீட்டுக்கு. முதல் முதல் வந்த நாள். பத்துப் படி வச்ச ஏணி. மேல் படி சீரான சீவியம், கீழ் படி மோசமான சீவியம், நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க எண்டு கேட்டீங்க. அவர் பக்கத்தில கிழிஞ்ச வலை பொத்தித்து இருந்தவர். சிரிச்சித்து "ஏழு" எண்டார். நானும் ஏழெண்டன். மறுகா நீங்க போனதும் கேட்டார், "என்ன புள்ள, மூண்டு படி குறைச்சித்தம், என்ன குறை நமக்கு?" எண்டு. நான் சொன்னன், கூரைக்கு ஓடு போடோணும், தக்ஷாயினி படிச்சி முடிக்கோணும், மற்றது உங்கட குறட்டை நிக்கோணும் எண்டு. அத நினைச்சி நினைச்சி அண்டைக்குப் பகல் முழுக்கச் சிரிச்ச மனிசன்.

— நல்ல மனிசன்தான் அக்கா. நான் இல்லையெண்டு சொல்லல்ல.

— நீங்க எத்தினை போட்டீங்க?

— இப்ப ஏன் அது?

— தக்ஷாயினி உங்கட அறிக்கைப் புத்தகத்த இங்கிலிசில வாசிச்சிப் பாத்தவ. எனக்குத் தெரியும். உங்கட வாயால கேக்க விருப்பம்.

— ரெண்டு.

— ஏன்?

— ஏழில நிக்கிற ஆள எங்க ஏத்துறது அக்கா? யோசிச்சிப் பாருங்க. மூண்டு மாவட்டம் இந்தத் திட்டத்துக்குப் போட்டி. எந்த ஊரு ஆகக் கீழ நிக்கிதோ அந்த ஊருக்குத்தான் காசு. உங்கட ஊருச் சனம் என்னடாண்டா வேலியோட நிண்டு சிரிச்சித்து ஆறெண்டும் ஏழெண்டும் சொல்லுது. ரோட்டில்ல, கரண்ட் பாதி வீட்டுக்கில்ல, புடிச்ச நண்டு வெயிலில நாறுது. ஆனா சந்தோசம் ஏழு! நான் அத அப்பிடியே எழுதிக் குடுத்திருந்தா இந்த ஐஸ் அறை இப்ப வேற எங்கயோ நிக்கும். நீங்க கை வச்சிருக்கிற இந்தப் பெட்டியும் அங்க இரிக்கும்.

— அது சரிதான். ஐஸ் அறை வந்தது நல்லந்தான். நான் குறை சொல்லல்ல.

— அதத்தானே நானும் சொல்றன்.

— ரெண்டெண்டு போட்டீங்க. போடுங்க. ரெண்டெண்டு எழுதினா எங்கட உடம்பா நோகப் போகுது? மறுகா அவரக் குடிகாரனெண்டு எழுதினதென்னத்துக்கு?

— ரெண்டெண்டு போட்டா ஏன் ரெண்டெண்டு கேப்பாங்க. காரணம் காட்ட வேணும். வறுமை எண்டா எல்லா ஊரிலயும் இரிக்கிற வறுமைதான், அதுக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. குடி, அடி எண்டா உடன விளங்கும். ஒரு வீட்டுக் கதை ஊருக் கதையாப் போகும். உங்கட வீட்ட எடுத்தது நீங்க நல்லாக் கதைப்பீங்க எண்டதாலதான்.

— அவர் குடிக்கிறதில்ல எண்டு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?

— அக்கா, இண்டைக்கு இருந்திருந்து ஏன் இதெல்லாம்?

— தெரியுமா, தெரியாதா?

— தெரியும். ஊருக்கே தெரியும். கள்ளுக்கூடத் தொடாத மனிசன்.

— ம்.

— அது வெளிய போகாத ஒரு அறிக்கை எண்டுதான் நான் நினைச்சன். இங்கிலிசில, கொழும்பில ஒரு அலுமாரிக்குள்ள கிடக்கும் எண்டு. வீடியோ எடுக்கிற யோசனை புறகுதான் வந்தது. அது என்ட முடிவில்ல.

— வீடியோவில நான் சொன்னதென்ன? "காத்துக் காலத்தில தொழிலுக்குப் போகாட்டி அவருக்குக் கோவம் வரும், சத்தம் போடுவார்." அவ்வளவுதான் நான் சொன்ன. கீழ இங்கிலிசில என்ன எழுதிக் கிடந்த?

— தெரியும் அக்கா.

— குடிச்சித்து அடிப்பார் எண்டு எழுதிக் கிடந்த. அது எனக்கெப்பிடித் தெரியும்? என்ட வாய் அசையிது, நானும் பாத்துச் சிரிச்சன். மறுகா அத ஒரு பொம்புளப் புள்ளட குரலில தமிழாக்கி, ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில பெரிய திரை கட்டிப் போட்டீங்க. மாமாங்கக் கோயிலுக்குத் தீர்த்தமாட வந்த சனம், மட்டக்களப்பு முழுக்க அங்கதான் நிக்கிது. அவர் செத்த தகப்பன நினைச்சித் தீர்த்தமாடித்து ஈர வேட்டியோட வாறார். புள்ளைக்கு வறுத்த கச்சான்கொட்டை வாங்கிக் குடுத்துத்து நிமிந்து பாத்தா, திரையில அவர்ட முதுகு. வலை பொத்திற முதுகு. அந்தப் புள்ளட குரல் சொல்லுது, மதுவுக்கு அடிமையான கணவனாம், அடி வாங்கின மனைவியாம். பக்கத்தில நான் நிக்கிறன். தக்ஷாயினி நிக்கிறா. ஊருச் சனம் எங்களப் பாக்குது.

— நான் அண்டைக்கு அங்க நிக்கல்ல.

— அவர் உங்கட ஒபிசுக்கு வந்தவரே. அண்டைக்கு நிண்டீங்களா?

— நிண்டன்.

— என்ன கேட்டவர்?

— அந்தத் துண்ட எடுக்கச் சொல்லிக் கேட்டார்.

— நீங்க சொன்னதென்ன?

— எனக்கு நினைவில்ல.

— எனக்கு வந்து சொன்னவர். "அண்ண, முகம் தெரியல்லத்தானே, முதுகுதானே தெரியுது" எண்டு சொன்னீங்களாம். டீ குடுத்து அனுப்பினீங்களாம்.

— காசு குடுக்கிற டோனருக்கு அனுப்பின வீடியோவ நான் எப்பிடி அக்கா வெட்டுற? ஒரு பீல்ட் ஒபிசர் நான். என்ட கையில என்ன இரிக்கு?

— மறுகா வாவியில தோணி ஓட்டிற பொடியன் பொட்டையெல்லாம் கூப்பிடத் தொடங்கித்து, "பூபாலண்ண, இண்டைக்கு எத்தினை போத்தல்?" எண்டு. முதல்ல அவரும் சேந்து சிரிச்சவர். மறுகா சிரிக்கல்ல. கோயில் திருவிழாக்கு அவருக்குக் குடுக்கிற வேலைய வேற ஆளுக்குக் குடுத்தாங்க. தக்ஷாயினிக்குக் கலியாணம் பேசி வந்த இடம் பின்னுக்குப் போச்சி. ஒரு நாள் வந்து முத்தத்தில இருந்து சொல்றார், "குடிக்காமலே குடிகாரனாயித்தன் புள்ள, குடிச்சிப் பாத்தாத்தான் என்ன?" எண்டு. நான் பகிடியெண்டு நினைச்சன்.

— அக்கா...

— குடிக்கத் தெரியாத மனிசன். அண்டைக்கு முழுக்கச் சத்தி. நான்தான் முதுகத் தடவி விட்டன். பழகிக் குடிச்சவனெண்டா ஒரு அளவு தெரியும், இவருக்கு அதுவும் தெரியா. போன மாரியில குடிச்சித்துத் தோணிய எடுத்துத்துப் போனார். தோணி கண்டல் மரத்துக்குள்ள செருகிக் கிடந்திச்சி. அவர அடுத்த நாள்தான் எடுத்தாங்க.

— நான் சாவு வீட்டுக்கு வந்தன்தானே. பந்தலுக்கு முன்னுக்கு நிண்டு எல்லாம் செஞ்சன்.

— வந்தீங்க. எல்லாரும் சொன்னத்தத்தான் நீங்களும் சொன்னீங்க. "என்ன செய்யிற, குடிதான் கொண்டு போச்சி" எண்டு. நான் கேட்டுத்துத்தான் இருந்தன்.

— அப்ப வேற என்ன சொல்ல ஏலும் எனக்கு? சரி. எனக்கு விளங்குது, நீங்க என்ன செய்யப் போறீங்க எண்டு. இண்டைக்கு மைக்கப் புடிச்சி இதெல்லாத்தையும் சொல்லப் போறீங்க. அப்பிடித்தானே?

— சொன்னா என்ன நடக்கும்?

— சொல்லட்டா? ரெண்டெண்டு எழுதின தொடக்கக் கணக்கு பொய்யெண்டு வந்தா முழுத் திட்டமும் பொய். ரெண்டாம் கட்டம் இல்ல. இறங்குதுறைக்கு ரோட்டு இல்ல. இந்த ஐஸ் மெசினக்கூடக் கழட்டித்துப் போவாங்க. நாப்பது குடும்பம் அக்கா. உங்கட புள்ளைக்குக் கம்பஸுக்குக் குடுக்கிற உதவி, அதுவும் இதுக்குள்ளதான். என்னில கோவமெண்டா எனக்கு அடிங்க, ஊரில அடிக்காதீங்க.

— எனக்கென்ன பைத்தியமா தம்பி? ஐஸ் அறை இல்லாட்டி நண்டெல்லாம் மறுகா நாறத்தான் போகுது. நண்டு வளக்கிற சங்கத்துப் பொம்புளையள் என்னத் திட்டுவாங்க. நான் ஒண்டையும் மாத்திச் சொல்லமாட்டன். நீங்க பழக்கினது பழக்கின மாதிரியே. பானையும் இரிக்கும், மூச்சும் விடுவன்.

— உண்மையா?

— அவர்ட பேரு போனது போனதுதான். அத எடுத்துத் தர உங்களாலயும் ஏலா, என்னாலயும் ஏலா. இரிக்கிற ஆக்கள் சாப்பிடட்டும்.

— அக்கா, நீங்க பெரிய மனிசி. நான் பயந்திற்றன். நேத்து உங்கட வீட்டுக்கும் அவங்க வந்தாங்களாமே? மதிப்பீடு செய்யிற ஆக்கள்?

— வந்தாங்க. அந்த வெள்ளைக்காரம்மாவும், மொழிபெயர்க்க ஏறாவூர்ப் புள்ள ஒண்டு, ஸாதியாவாம். நல்ல புள்ள. திட்டத்து ஆக்கள் ஒருத்தரும் பக்கத்தில இரிக்கக் கூடாதாம். அதாலதான் உங்களுக்குச் சொல்லல்லயாக்கும்.

— ஓம், அது அவங்கட முறை. என்ன கேட்டாங்க? ஏணி காட்டினாங்களா?

— காட்டினாங்க. எட்டெண்டன்.

— எட்டா! சோக்கு அக்கா!

— சங்கத்துப் பொம்புளையள்ட்டயும் போனாங்க. ஒவ்வொருத்தரயும் தனித்தனியாக் கேட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னம்.

— அதுதான் முக்கியம். ஒராள் சொன்னா அத ஒரு கதையா எடுப்பாங்க. நாலு பேர் தனித்தனியா ஒண்டையே சொன்னா, அதுக்கு மேல கேள்வியே இல்ல, உண்மையெண்டு எழுதிருவாங்க.

— நீங்கதானே தம்பி பழக்கினீங்க. மூண்டு வருசமாப் பழக்கினீங்க.

— இப்பதான் மனசு இறங்கிச்சி.

— அப்ப அந்தப் பானைய இப்பயாவது சொல்லுங்க. ஆருட?

— விடமாட்டீங்க போல. எங்கட அம்மாட. செங்கலடியில நாங்க இரிக்கக்குள்ள. அப்பா கசிப்பக் குடிச்சித்து வந்தா முதல் தேடுறது சோத்துப் பானையத்தான். அம்மா அத எடுத்துத்துக் கிணத்தடிக்கு ஓடுவா. நானும் தங்கச்சியும் மண்ணில கொட்டின சோத்த...

— ம்.

— உங்கட வீட்டுக் கதைக்கு ஒண்டும் கிடைக்கல்ல அக்கா. நான் இருந்து யோசிச்சி யோசிச்சி, தெரிஞ்சத்த எழுதினன்.

— உங்கட அப்பாவக் கொண்டு வந்து எங்கட வீட்டுக்குள்ள இருத்தினீங்க.

— அப்பிடி நான் நினைக்கல்ல.

— அதாலதான் நீங்க குடிக்கிறதில்லயா?

— ஒரு சொட்டு இல்ல. கலியாண வீட்டில ஆராவது கிளாஸ நீட்டினாலே எழும்பிப் போயிருவன். என்ட மாமனார் பொம்புள தர மாட்டனெண்டு நிண்டவர், குடிகாரன்ட மகனும் குடிப்பான் எண்டு. மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிப் போய் சத்தியம் பண்ண வச்சித்துத்தான் தந்தவர்.

— தெரியும் தம்பி. ஊருக்கே தெரியும்.

— இருங்க, போன் அடிக்கிது. கொழும்பு ஒபிஸ் மெடம். ஹலோ மெடம், ஓம், எல்லாம் ரெடி. அக்காவும் ரெடி, பக்கத்திலதான் நிக்கிறா. என்ன மெடம்? விளங்கல்ல. வாகனச் சாவியா? டிரைவர்ட்டக் குடுக்கவா? ஏன்? நான் மண்டபத்துக்குள்ள வரக் கூடாதா? மெடம், நான் இல்லாம இண்டைக்கு... முறைப்பாடா? என்ன முறைப்பாடு?

— என்னவாம் தம்பி?

— இருங்க அக்கா. மெடம், கேக்கல்ல, ஒருக்காச் சொல்லுங்க. நானா? நான் குடிச்சித்தா? மெடம், என்னத் தெரியும்தானே உங்களுக்கு! ஆரு சொன்ன? ஒராள் இல்லயா? எத்தினை பேர்? தனித்தனியாக் கேட்டும்... மெடம், இது பொய் மெடம். ஹலோ? மெடம்?

— முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. இருங்க, அந்தப் பெட்டியில இருங்க.

— நான் குடிச்சித்துக் கூட்டத்துக்கு வாறனாம். பொம்புளையள்ட்டக் குடிச்சித்துக் கத்துறனாம். மதிப்பீட்டுக்காரர் அறிக்கையில எழுதிற்றாங்களாம். இண்டையில இருந்து வேலைக்கு வரக் கூடாதாம். ஆரக்கா? ஆரு இப்பிடி ஒரு பொய்யச் சொல்லும்?

— விசாரிப்பாங்க. பொய்யெண்டா தெரிஞ்சிரும்தானே.

— எங்க தெரியிற? எழுத்தில ஏறினா அழியாது அக்கா! எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதல்ல இதத்தான் பாப்பாங்க. என்ட மாமனார் இதக் கேட்டா? அம்மா? அம்மா இன்னும் இரிக்கிறா அக்கா. அவ என்ன நினைப்பா? நானும் அப்பா மாதிரித்தான் எண்டு...

— முகம் தெரியாதுதானே தம்பி. பேரு மட்டுந்தானே.

— பகிடி பண்ணாதீங்க. அந்தா, பாண்ட் அடிக்கத் தொடங்கித்து, அவங்க வந்திற்றாங்க. அக்கா, உங்கட காலப் புடிக்கிறன். நீங்க மேடைக்குப் போகக்குள்ள அந்தம்மாட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க. அவங்க நம்புற ஆள் நீங்கதான், முழு அறிக்கையும் உங்கட சொல்லிலதான் நிக்கிது. நான் குடிக்கிற ஆளில்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?

— தெரியும் தம்பி. நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் நேத்து அந்தம்மாட்ட நீங்க குடிச்சித்து வாறீங்க எண்டு முதல் ஆளாச் சொன்னன்.